கீசருக்குள் இருந்த காவல்காரன்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். வீட்டில் பழைய குழாய்களை எல்லாம் மாற்றிப் புது கீசரும் மாட்டியிருக்கிறார். மூன்றாவது வாரத்திலிருந்து வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம். "பிளம்பர் ஏமாத்திட்டான் சார், பாக்கிப் பணம் ஒரு பைசா தர மாட்டேன்" என்று கொதித்தார். "நாளைக் காலையில் நான் வருகிறேன். அதுவரைக்கும் அவரிடம் எதுவும் பேசிவிடாதீர்கள்" என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகத் தடுத்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சொந்தக் கதையோடு இருநூறு வருடத்து வரலாறும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக் குழாய்களை 2024 நவம்பரில் மாற்றினோம். 1983-இல் அரசாங்கக் கடன் வாங்கிக் கட்டிய வீடு. ஜி.ஐ. பைப்புகள் உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மகளுக்கு ஜனவரியில் பிரசவம். தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் தடையில்லாமல் வரவேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள். பழைய கீசர் இருபது வருடம் உழைத்த செப்புத் தொட்டிக் கீசர். அதையும் கழற்றிவிட்டு 25 லிட்டரில் புதியது வாங்கினேன். பிளம்பர் எங்களுக்குப் பத்து வருடமாகத் தெரிந்த தம்பி. ஐந்து நாளில் வேலையை முடித்தார். கணக்கில் 6,000 ரூபாய் மட்டும் பாக்கி.

முதல் சில நாள் தண்ணீரில் லேசாக பெயிண்ட் கடை வாசனை. சி.பி.வி.சி. பைப்பை ஒட்டும் பசையின் வாசனை அது. சுடுநீர், பச்சைத்தண்ணீர் இரண்டிலும் வந்தது. குழாய்களைத் திறந்துவிட்டு நன்றாக ஓடவிட்டதும் நாலே நாளில் போய்விட்டது. டிசம்பரில் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கித் திரும்பினோம். வந்த அன்று இரவு குளியலறையில் வெந்நீரைத் திறந்தேன். அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்!

பள்ளியில் படிக்கும்போதே எனக்கு அறிமுகமான நாற்றம் அது. நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். வேதியியல் வகுப்பில் எங்கள் முசியே இரும்பு சல்ஃபைடில் அமிலம் விட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தயாரித்துக் காட்டினார். அழுகிய முட்டைக்குப் பிரெஞ்சில் 'எஃப் பூரி' என்று பெயர். பூரி என்ற சொல்லைக் கேட்டதும் பையன்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சமாக இருந்தால் நாறும். நிறைய இருந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அப்போதுதான் ஆள் சாவான்" என்றார். அறுபது வருடம் ஆகியும் அந்த வாக்கியம் மறக்கவில்லை.

மறக்க முடியாதபடி அந்த வருடமே இன்னொன்றும் நடந்திருந்தது. 2024 ஜூன் மாதம், ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் நச்சு வாயு வீட்டுக் கழிவறை வழியாகவே ஏறி வந்து ஒரே நாளில் மூன்று பெண்களின் உயிரைக் கொண்டுபோனது. அதில் ஒருத்தி பள்ளிச் சிறுமி. புதுச்சேரியில் அதற்குப் பிறகு பல நாள் யாரும் குளியலறைக் கதவைச் சாதாரணமாகத் திறக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் சில கிலோமீட்டர்தான். இன்னும் ஒரு மாதத்தில் பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் அதே நாற்றம் வந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இரவோடு இரவாக பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து வாஷ்பேசினில் ஒரு தடவை, குளியலறையில் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். "பைப்புல ஒண்ணும் இல்ல சார். கீசருக்குள்ளதான் ஏதோ இருக்கு. கழட்டிப் பாத்துடலாம்" என்றார். எனக்கு அது சாக்காகப் பட்டது. புது கீசருக்கு எப்படிக் கோளாறு வரும்? கழற்றினால் வாரண்டி போய்விடுமே? சாக்கடைக் குழாயை எங்கோ சரியாகச் சேர்க்காமல் மூடிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். வாய்க்கு வந்தபடி பேசவும் பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் கேட்டபடியே மறுநாள் வந்து தரை டைல்ஸை உடைத்து, நஹானி டிராப்பைத் திறந்து காட்டினார். அதில் தண்ணீர் நிற்கவேண்டிய அளவுக்கு நின்றது. இணைப்பு எல்லாம் சரி. மறுபடியும் டைல்ஸ் பதித்துக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்காமல் போனார். பாக்கி 6,000-ஐயும் நான் கொடுக்கவில்லை.

கீசர் கம்பெனிக்கு போன் செய்தேன். அங்கிருந்து வந்தவர் "உங்க தண்ணி சரியில்ல சார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போனார்.

முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எங்கள் ஆபீசில் பழைய ஆட்கள் கோப்பை 'தொசியே' என்பார்கள். கோபம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொசியே திறந்தேன். முதலில் செய்திருக்கவேண்டிய வேலை அது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, குளியலறையை விட்டு வெளியே எடுத்துப் போய் முகர வேண்டும். நாற்றம் டம்ளரோடு வந்தால் குற்றம் தண்ணீரில். வராமல் குளியலறையிலேயே தங்கிவிட்டால் குற்றம் வடிகாலில், அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பச்சைத்தண்ணீர் டம்ளர் ஒன்று, வெந்நீர் டம்ளர் ஒன்று எனத் தனித்தனியாகப் பார்த்தேன். ஐந்து நாள் எழுதியதில் கிடைத்தவை இவை: பச்சைத்தண்ணீரில் நாற்றம் இல்லை. வெந்நீர் வருகிற எல்லாக் குழாயிலும் உண்டு. காலையில் முதல் வாளியில் அதிகம், மூன்றாவது வாளியில் குறைவு. நகராட்சித் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றிய நாளில் குறைவு, எங்கள் போர் தண்ணீர் ஏற்றிய நாளில் அதிகம்.

பிளம்பர் முதல் நாளே சொன்னதைத்தான் நோட்டும் சொன்னது. குற்றம் கீசருக்குள்.

வெட்கத்தை விட்டு மறுபடியும் கூப்பிட்டேன். அவர் வந்தார். மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை அடைத்து, கீசர் ஆறும்வரை காத்திருந்து, அடித்தட்டைக் கழற்றினார். உள்ளிருந்து விரல் தடிமனில் ஒரு உலோகத் தண்டை உருவி எடுத்தார். வெள்ளைக் களிம்பு படிந்து, கரையான் அரித்த குச்சி மாதிரி இருந்தது. அதிலிருந்தே நாற்றம் வீசியது. "இந்த ராடுதான் சார். லாஸ்பேட்டையில ஒரு வீட்லயும் இப்படித்தான் ஆச்சு" என்றார்.

அந்தத் தண்டு மக்னீசியம். அது என்ன, யார் வைத்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இங்கிருந்து வரலாறு.

1800-களில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும், பாசியும், கொட்டலசும் அண்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் கடல்நீர் செம்பை அரித்துக்கொண்டே வந்தது. செலவு தாங்கவில்லை. கடற்படைக்காரர்கள் ராயல் சொசைட்டியைக் கேட்டார்கள். அப்போது அதன் தலைவர் ஹம்ஃப்ரி டேவி. 1808-இலேயே மின்சாரத்தைக் கொண்டு மக்னீசியத்தைப் பிரித்தெடுத்தவர் அவர். என் கீசர் தண்டின் உலோகத்தை முதன்முதலில் தனியாகக் கண்டவரே அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1824-இல் டேவி ஒரு வழி சொன்னார். செம்பைவிட எளிதில் கரையும் உலோகம் ஒன்றை, துத்தநாகத்தையோ இரும்பையோ, செம்போடு ஒட்டி வையுங்கள். கடல்நீர் அந்தத் துண்டைத் தின்னும், செம்பு தப்பிக்கும். பட்டாணி அளவு துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காக்கும் என்று பரிசோதனையில் கண்டார். தன்னையே பலிகொடுத்து மற்றதைக் காக்கும் இந்த உலோகத்துக்குத்தான் இன்றைக்கு ஆனோடு என்று பெயர்.

கப்பல்களில் பொருத்தினார்கள். டேவி சொன்னபடியே செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பல் துறைமுகத்தில் நின்றதும் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. கப்பல் வேகம் இழந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த வரைக்கும், கரைந்த அந்தச் செம்பே அவற்றுக்கு விஷமாக இருந்திருக்கிறது. கரைவதை நிறுத்தியதும் விஷமும் நின்றது. ஓரிரு வருடத்துக்குள்ளேயே ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். டேவி கேலிக்கு ஆளானார். 1829-இல் இறந்தும் போனார். அவர் கண்ட விதியில் குற்றமே இல்லை. இன்றைக்கும் இரும்புக் கப்பல்களையும், பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்களையும் அந்த விதிதான் காக்கிறது.

என் கீசருக்குள் இருந்ததும் அதே ஏற்பாடு. இப்போதைய தொட்டிகள் பலவும் எஃகு. உள்ளே கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு. அந்தப் பூச்சில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். அங்கே துரு பிடிக்காமல் இருக்க மக்னீசியத் தண்டைக் காவலுக்கு வைக்கிறார்கள். தண்டு கரையும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அந்த ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்கும் ஒரு கிருமி உண்டு.

அதைக் கண்டுபிடித்த இடம் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரம். என் முசியே வகுப்பில் வாயு தயாரித்த கண்ணாடிக் கருவிக்குக் 'கிப் கருவி' என்று பெயர். அதை உருவாக்கிய கிப் என்ற மருந்துக் கடைக்காரரும் டெல்ஃப்ட்காரர்தான் என்று இப்போது படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்த ஊரில் 1895-இல் மார்ட்டினஸ் பெயரிங்க் என்ற விஞ்ஞானி, காற்றே இல்லாத இடத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிற மாதிரி அது தண்ணீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டைச் சுவாசிக்கிறது. வெளியே விடும் மூச்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடைச் சேறும், கழிமுகச் சேறும் நாறுவது இந்தக் கூட்டத்தால்தான்.

1934-இல் ஹாலந்தைச் சேர்ந்த ஃபான் வொல்சோகன் கூர், ஃபான் டெர் ஃப்ளுக்ட் என்ற இருவர் இன்னொரு புதிரை எடுத்துக்கொண்டார்கள். காற்றுப் புகாத ஈரமண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய் ஏன் அரிக்கிறது? காற்று இல்லாமல் துரு எப்படி வரும்? பெயரிங்க் கண்ட அதே கிருமிகள் இரும்பின் மேல் உண்டாகும் ஹைட்ரஜனைத் தின்றுவிடுகின்றன, அதனால்தான் அரிப்பு நிற்காமல் நடக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கிருமிக்கு ஹைட்ரஜன் உணவு என்பது மாறவில்லை.

இப்போது என் கீசரைப் பாருங்கள். போர் தண்ணீரில் சல்ஃபேட் உண்டு. நகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதில் கிடையாது. தண்டிலிருந்து ஹைட்ரஜன். புதுச்சேரி வெயிலுக்குக் குளிக்கும் முன்பு பத்து நிமிடம் மட்டும் கீசர் போடுவோம், மீதி நேரம் தொட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும். போதாததற்கு ஒரு வாரம் பூட்டிவிட்டுக் காரைக்கால் போனோம். விருந்தாளிக்கு இதைவிட நல்ல உபசாரம் செய்ய முடியுமா? எஃகைக் காக்க வைத்த காவல்காரனே கள்ளனுக்கும் சோறு போட்டிருக்கிறான். டேவியின் கப்பலுக்கு நடந்ததுதான் என் குளியலறையிலும் நடந்தது. பழைய கீசரில் ஏன் வரவில்லை என்றால், அது செப்புத் தொட்டி. அதில் தண்டும் இல்லை, செம்பு கிருமிகளுக்கு இடமும் கொடுக்காது. டேவிக்கு முந்தைய கப்பல் மாதிரி.

கீசர் என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்ற பெயிண்டர், வாயு அடுப்பில் உடனடியாக வெந்நீர் தரும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு கீசர் என்று பெயர் வைத்தார். ஐஸ்லாந்து நாட்டில் பூமியிலிருந்து பீறிடும் 'கெய்சிர்' என்ற வெந்நீர் ஊற்றின் பெயர் அது. அந்த நாட்டுத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் பூமியின் சூட்டைக் கொண்டு வீடுகளுக்கு வெந்நீர் வருகிறது. அதில் அழுகிய முட்டை வாடை லேசாக வீசும். ஊர்க்காரர்கள் பொருட்படுத்துவதில்லை. அந்த வாயு தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துவிடுவதால் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க உதவுகிறது என்றுகூடச் சொல்கிறார்கள். என் கீசர் பெயருக்கு உண்மையாகத்தான் நடந்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கும் நீண்ட வரலாறு உண்டு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமரேஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. அதற்குச் சில வருடம் கழித்து ஆழக் குழாய் இறக்கினார்கள். தண்ணீர் தானாகவே மேலே பொங்கியது. 1880-களில் பாகூர்ப் பக்கம் அப்படித் துளைபோட்டபோது பழுப்பு நிலக்கரியும் தென்பட்டது. என் அப்பா குழாயை 'ரொபினே' என்றுதான் சொல்வார். தெருக் குழாயில் பிடித்த தண்ணீரை மண்பானையில் ஊற்றி வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு வீட்டுக்கு வீடு போர் போட்டோம், மோட்டார் வைத்தோம். ஒவ்வொரு வீடும் அதனதன் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த எஞ்சினியரும் வருவதில்லை.

நாற்றத்தை எப்படிப் போக்கினோம் என்பதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் பிளம்பர் தொட்டியைக் கழுவினார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மாடித் தொட்டியில் விட்டு, வெந்நீர்க் குழாய்கள் எல்லாவற்றிலும் அதன் வாடை வரும்வரை திறந்து, கீசரைப் போடாமல் ஓர் இரவு வைத்திருந்தார். மறுநாள் முழுக்க வெளியேற்றினார். மக்னீசியத் தண்டுக்குப் பதில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டைக் கம்பெனி மூலமாகவே வாங்கிப் போட்டோம். அது ஹைட்ரஜனைக் குறைவாகத்தான் தரும். தண்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் நாற்றம் போகும், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி ஓட்டையாகும், வாரண்டியும் போகும். அப்புறம் வாரம் ஒருமுறை, யாரும் குளிக்காத நேரத்தில், சூட்டை முழுதாக ஏற்றி ஒரு மணி நேரம் விடுகிறோம். 60 டிகிரிக்கு மேல் இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை தாங்காது. அந்தத் தண்ணீர் கையில் பட்டால் வெந்துவிடும் என்பதால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். நாற்றம் மூன்றாம் நாளே போனது. இன்றுவரை திரும்பவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். குளிக்கிற தண்ணீரில் இந்த அளவு வாடையால் ஆபத்து வராது, ஆனால் வடிகால் வழியாக வரும் நாற்றத்தை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். ஜனவரி 19-ஆம் தேதி பேத்தி பிறந்தாள். பதினோராம் நாள் அந்த வெந்நீரை விளாவித்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள்.

அந்தப் பதினோராம் நாளுக்கு முந்தின மாலை பிளம்பர் வீட்டுக்குப் போனேன். கவரில் பாக்கி 6,000, டைல்ஸ் வேலைக்கு 2,500. "தம்பி, நீங்க முதல் நாளே சொன்னீங்க. நான் கேக்கல. தப்பா பேசிட்டேன்" என்றேன். அவர் கவரை வாங்கிக்கொண்டார். "பரவால்ல சார். ரெட்டியார்பாளையத்துல நடந்ததுக்கு அப்புறம் எல்லா வீட்லயும் பயந்துதான் கூப்பிடறாங்க. நாத்தம்னா மொதல்ல எங்களத்தான் பாப்பாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சார், நீங்க பாக்கிய நிறுத்தினதுல பையனுக்கு ஸ்கூல் பீஸ் ஒரு மாசம் லேட்டாயிடுச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஆபீசில் இருந்த காலத்தில் எத்தனையோ புகார் மனுக்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. யாரைக் குற்றம் சொல்வது என்று முதல் வரியிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகு காரணம் தேடுகிற மனுக்கள். அவற்றைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவன் நான். கடைசியில் நானும் அப்படி ஒரு மனுவை, காகிதம் இல்லாமல், ஓர் ஏழைத் தொழிலாளியின் முகத்துக்கு நேராக எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் நண்பர் வீட்டுக்கு இரண்டு கண்ணாடி டம்ளரோடு போனேன். பச்சைத்தண்ணீரில் வாடை இல்லை. வெந்நீரில் இருந்தது. "உங்க பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றேன். "திட்டவா?" என்றார். "இல்லை, கீசரைக் கழற்ற. வரும்போது பாக்கியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.